மீனவக் குடும்பங்களின் மன அழுத்தமும் மூளையின் மரபணுக்களும்

எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட கணவர் எப்போது வருவார் என்று தெரியாத நிலையில் என்னிடம் வரும் பாம்பன், தங்கச்சிமடம் பகுதிப் பெண்கள், மனக்கவலை என்று சொல்லிக்கொண்டு வருவது அரிது. மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, குழம்பில் உப்புப் போட்டோமா என்பதே நினைவில்லை என்பார்கள். "மனசை லேசா வச்சுக்கன்னா கேக்க மாட்டேங்குறா டாக்டரம்மா" என்று உடன் வந்த மாமியார் குறைபட்டுக்கொள்வார். அது மருமகளின் கையில் மட்டும் இல்லை.

அச்சம் எழுந்ததும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ், அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாக, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு உத்தரவு போய்க் கார்டிசால் சுரக்கிறது. கொழுப்பில் கரையக்கூடிய இந்த ஹார்மோன் மூளைச் செல்லுக்குள் நுழைந்து, அங்கே அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து உட்கருவுக்குள் சென்று, டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொள்ள, சில மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன, சில அடக்கப்படுகின்றன. மரபணுவின் எழுத்துகள் மாறுவதில்லை. எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதே மாறுகிறது. நினைவாற்றலுக்கு இன்றியமையாத மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸில் இத்தகைய ஏற்பிகள் மிகுதி என்பதை, எலிகளை ஆராய்ந்து நரம்பியல் ஆய்வாளர் புரூஸ் மெக்இவன் 1968-இலேயே காட்டினார். உப்பு மறந்துபோவதில் வியப்பில்லை.

கார்டிசால் முடுக்கும் மரபணுக்களில் எஃப்கேபிபி5 ஒன்று. அது உருவாக்கும் புரதம், அதே ஏற்பியின் கூருணர்வைக் குறைக்கிறது. சிறிது நேர அழுத்தத்தில் இது பொருத்தமான கட்டுப்பாடுதான். வாரக்கணக்கில் நீடித்தாலோ, 'கார்டிசால் போதும்' என்று சுரப்பை நிறுத்தச் சொல்லும் மூளையின் திறனே மங்கக்கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்திலும் கையில் காசு இராது, ஆனால் அதற்கு முடிவுத் தேதி உண்டு என்பதால் குடும்பங்கள் கடனைக் கணக்குப் போட்டு வாங்குகின்றன. கைதுக்கு அப்படித் தேதி கிடையாது. எப்போது முடியும் என்று தெரியாத, தன் கையில் இல்லாத அழுத்தமே இந்த ஹார்மோனை அதிகம் கிளறிவிடுகிறது.

வருபவர்களிடம் நான் தவறாமல் கேட்பது, மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்கும் மாத்திரைகளைப் பற்றி. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் பலர் எடுத்துக்கொள்ளும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் இதே ஏற்பியின் வழியாகத்தான் வேலை செய்கின்றன. தூக்கம் கெடுவதற்கும் காரணமில்லாத எரிச்சலுக்கும் அவையே காரணமாக இருக்கலாம். அதற்காக, நெடுநாள் விழுங்கியதைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. அட்ரினல் சுரப்பி தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும் என்பதால், மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.