வில் இல்லாத கையில் வயலின் கான்செர்ட்டோ

யோஹான் செபாஸ்டியன் பாஹின் இ மேஜர் வயலின் கான்செர்ட்டோவையும் டி மேஜர் ஹார்ப்சிகார்ட் கான்செர்ட்டோவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கான்செர்ட்டோ என்பது தனிக்கலைஞர் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு. ஹார்ப்சிகார்ட், பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம். இ மேஜர், டி மேஜர் என்பவை இசை எந்த ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்டது என்று சொல்லும் பெயர்கள். ஆதார ஸ்வரம் வேறானாலும் இரண்டும் ஒரே இசை. 1730களின் இறுதியில், லைப்சிக் நகரில், தன் பழைய வயலின் கான்செர்ட்டோக்களை அவர் ஹார்ப்சிகார்டுக்கு மாற்றி எழுதினார். ஏ மைனரில் இருந்தது ஜி மைனருக்குப் போனது. இரட்டை வயலினுக்கான டி மைனர், சி மைனருக்குப் போனது. எல்லாமே ஒரு முழு ஸ்வரம் கீழே. ஏன்?

இ மேஜர் கான்செர்ட்டோவில் வயலின், மேல் ஸ்தாயி இ வரை ஏறுகிறது. அந்தக் கால ஹார்ப்சிகார்டுகள் பலவற்றில் வலது ஓரக் கட்டை டி-யோடு முடிந்துவிடும். மொத்த இசையையும் ஒரு ஸ்வரம் இறக்கினால் உச்சி சரியாக டி-யில் வந்து நிற்கும்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரிது. ரோசின் என்ற பிசின் தேய்த்த வில் வயலின் தந்தியைப் பற்றி இழுக்கும். தந்தி வழுக்கித் திரும்பும். வில் மறுபடி பற்றும். ஏ தந்தியில் இது நொடிக்குச் சுமார் 440 முறை நடக்கிறது. வில் நகரும்வரை தந்திக்கு ஆற்றல் வந்துகொண்டே இருப்பதால் ஸ்வரத்தை நீட்டலாம், நடுவில் சத்தத்தைக் கூட்டலாம். ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் இறகுக் காம்பில் செய்த சிறு முனை தந்தியை ஒரே ஒரு முறை மீட்டும். அப்புறம் ஒலி தேய வேண்டியதுதான். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றே.

அதனால் பாஹ் ஸ்வரங்களைப் பெருக்கினார். வயலின் நீட்டி நிற்கும் இடங்களில் ஹார்ப்சிகார்ட் அலங்காரங்களோடு ஓடும். ஒன்று தேய்வதற்குள் இன்னொன்று பிறந்துவிடும். அவருடைய டி மைனர் ஹார்ப்சிகார்ட் கான்செர்ட்டோவுக்கு மூலமான வயலின் வடிவம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அதில் ஒரே ஸ்வரம் விடாமல் திரும்ப ஒலிக்க, ஊடே இன்னொரு வரிசை நகரும் இடங்கள் உண்டு. விரல் வைக்காத தந்திக்கும் வைத்த தந்திக்கும் வில் மாறி மாறித் தாவும்போது இயல்பாக வரும் வடிவம் அது. இது வயலினில் பிறந்த இசை என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு அதுவே பெரிய தடயம்.

பீத்தோவன் 1806இல் எழுதிய வயலின் கான்செர்ட்டோவை, இசையமைப்பாளரும் இசைப் பதிப்பாளருமான கிளெமென்டி கேட்டுக்கொண்டதால் மறு ஆண்டே பியானோவுக்கு மாற்றினார். பியானோவின் சுத்தியல் ஓங்கியும் மெல்லவும் அடிக்கும். ஆனால் தேய்மானம் இங்கேயும் உண்டு. அவர் பெரும்பாலும் வயலின் வரியை வலது கைக்குக் கொடுத்து, இடது கைக்கு மெல்லிய துணையை மட்டும் வைத்தார். மெதுவாகப் போகும் இரண்டாம் பாகத்தில் வில் இல்லாத குறை எனக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனால் முதல் பாகத்தின் கேடன்ஸா, அதாவது இசைக்குழு ஒதுங்கி நிற்கத் தனிக்கலைஞர் விளையாடும் பகுதி, அற்புதம். வயலினுக்கு அவர் கேடன்ஸா எழுதி வைக்கவில்லை, பியானோவுக்கு எழுதினார். அதில் டிம்பனி முரசும் கூடச் சேர்ந்துகொள்கிறது. இந்தக் கான்செர்ட்டோ தொடங்குவதே டிம்பனியின் ஐந்து தட்டல்களில்தான்.

இருபதாம் நூற்றாண்டில் வயலின் கலைஞர் வொல்ஃப்காங் ஷ்னைடர்ஹான் அந்தக் கேடன்ஸாவை வயலினுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். பத்து விரல்களுக்கு எழுதியதை நான்கு தந்திகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. முரசும் கூடவே வந்தது.