பத்து அர்ச்சுனன், மூன்று கிலோமீட்டர்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் பக்கத்துத் தோட்டப்புற வீடுகளில் மாலை நாலு மணியை ஒட்டி ஒரே வரிசையில் சில காரியங்கள் நடக்கும். முதலில் அஸ்ட்ரோ துணைக்கோள் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடையும். கொடியில் துணி அப்போதும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். சற்று நேரத்தில் குளிர்காற்று அடிக்கும், பிறகு தகரக் கூரையில் மழை. "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்றபடி பாட்டி நிலைக்கண்ணாடியைத் துணி போட்டு மூடுவார். ஓர் இடி வலுவாக விழும்போது மெயின் பெட்டியில் 'டக்' என்று சத்தம் கேட்டு வீடு இருண்டுவிடும்.

மழை வருமுன் அஸ்ட்ரோ போவது சகுனமும் இல்லை, பழுதும் இல்லை. கூரையில் உள்ள அஸ்ட்ரோ தட்டு பார்த்துக்கொண்டிருக்கும் மீசாட் துணைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பேராக்கிலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய தலைக்கு மேலேதான், மேற்கே சற்றுத் தெற்காகச் சாய்ந்து, 77 பாகை உயரத்தில் இருக்கும். தட்டைப் பார்த்தால் அவ்வளவு மேல்நோக்கி இருப்பதாகத் தெரியாது. அது ஒரு பெரிய கிண்ணத்தின் ஓரத்தில் வெட்டியெடுத்த துண்டு போன்றது. அலையை நேராக அல்லாமல் சாய்வாக வாங்கி, கையின் நுனியில் உள்ள வாங்கிக்கு அனுப்புகிறது.

ஆக, தட்டு பார்ப்பது உங்கள் வீட்டு உச்சி வானத்தை. மழை அங்கேதான் முதலில் உண்டாகிறது. நம் பகுதியில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் பனி உருகி நீர்த்துளியாகிறது. பெரிய துளி விநாடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் விழுந்தாலும் தரையைத் தொடப் பத்து நிமிடம் பிடிக்கும். துளி இன்னும் பாதி வழியில் இருக்கும்போதே அஸ்ட்ரோவின் அலை அதில் மாட்டிக்கொள்கிறது. அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். ஐந்து மில்லிமீட்டர் துளி கூட அதில் ஒரு பங்கை உறிஞ்சும், ஒரு பங்கைச் சிதறடிக்கும். மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற கணக்கில் கொட்டும் மழையில் ஒரு கிலோமீட்டர் கடந்தால் அலையில் மூன்றில் ஒரு பங்கு கூட மிஞ்சாது. மூன்று கிலோமீட்டர் கடந்தால் நாற்பதில் ஒரு பங்கும் தேறாது. பழைய ஏரியல் டிவியில் சிக்னல் குறையக் குறையப் புள்ளி விழும், ஆனாலும் ஏதோ தெரியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. பிழையைத் திருத்தும் கணக்கு ஓர் எல்லை வரை தாங்கும், அதைத் தாண்டினால் மொத்தமாகக் கைவிட்டுவிடும். வெயிலடிக்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்தால் துணியை எடுத்துவிடுவது நல்லது. சில நாள் அந்த மழை அடுத்த தாமானில் (குடியிருப்பில்) கொட்டிவிட்டு நம்மை ஏமாற்றும், அது வேறு விஷயம்.

மழை விட்டு இருபது நிமிடம் ஆகியும் படம் திரும்பவில்லை என்றால் வானத்தைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் வாங்கியின் அடியில் திருகும் கேபிள் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கும். கழற்றிப் பாருங்கள். நடுவில் உள்ள செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் கேபிளைப் பளபளப்பு தெரியும் வரை பின்னால் வெட்டி, புது முனை போட்டு, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு தொய்வு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் பளிச்சென்ற வானத்தில், மதியம் இரண்டு மணி வாக்கில், சில நாள் சில நிமிடம் மட்டும் படம் போனால் கேபிளைத் தொடவே வேண்டாம். துணைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கிறது. சூரியனின் இரைச்சலில் துணைக்கோளின் குரல் அமுங்கிப்போகிறது.

நாலு மணிக் கணக்கு எப்படி இவ்வளவு சரியாக அமைகிறது? தீபகற்பத்தின் இரு கரையிலிருந்தும் பகலில் கடற்காற்று உள்ளே நகர்கிறது. நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர். வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மலையடியில் மேலே ஏறி, மதியத்துக்குப் பின் 15 கிலோமீட்டர் உயர மேகமாகக் குவிகிறது. பிந்தாங் மலைத்தொடருக்கு அடியில் ஒட்டியிருக்கும் தைப்பிங்கில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யக் காரணமும் மலைதான். விடியற்காலை மழை வேறு ரகம். சுமத்ரா பக்கம் இரவில் உருவாகும் மேக வரிசை மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியுமுன் மேற்குக் கரையில் மோதும். கித்தா (ரப்பர்) தோட்டங்களில் பால் வெட்டுக்குப் பகை நாலு மணி மழையல்ல, இந்தச் சுமத்ராக் காற்றுதான். பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டை விட்டு வழிந்துபோகும், அன்றைய கூலியும் அதோடு போகும்.

இனி அர்ச்சுனன். ஒலி மூன்று விநாடியில் ஒரு கிலோமீட்டர் போகிறது. மின்னலைக் கண்டதும் நிதானமாக "அர்ச்சுனா" என்று ஒவ்வொரு பேராகச் சொல்லத் தொடங்கினால் ஒரு பேருக்கு ஏறக்குறைய ஒரு விநாடி. 'அர்ச்சுனன் பேர் பத்து' முடியும்போது இடி கேட்டால், மின்னல் விழுந்தது சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில். பயம் தெளியச் சொன்ன பேர் நல்ல கடிகாரமாகவும் இருக்கிறது. ஆனால் பத்து வரை எண்ணலாம் என்று காத்திருக்கக்கூடாது. ஒரே மேகத்தின் அடுத்த மின்னல் பல கிலோமீட்டர் தள்ளி விழும், மழை இல்லாத இடத்திலும் விழும். முப்பது பேருக்குள் இடி கேட்டாலே வெளிவேலையை நிறுத்த வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்க வேண்டும். செம்பனையில் (எண்ணெய்ப் பனையில்) குலை வெட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் கையில் தூக்கி நிற்பது பல மீட்டர் நீள அலுமினியக் கழி.

கண்ணாடிக்கு வருவோம். ரசம் பூசிய கண்ணாடி மின்னலை இழுக்காது. மேகத்திலிருந்து இறங்கும் மின்னல் தரைக்குப் பத்து இருபது மாடி உயரத்துக்கு வந்த பிறகுதான் எதைத் தொடுவது என்பதே முடிவாகிறது. அப்போது எடுபடுவது உயரம்: மரம், கம்பம், கோபுரம், கூரை முகடு. அறைக்குள் தொங்கும் கண்ணாடிக்கு அந்தப் போட்டியில் இடமில்லை. இடிக்கு அஞ்சி முற்றத்தில் அரிவாளைப் போடுவதும் அப்படித்தான், நனைந்து துருப்பிடிப்பதுதான் மிச்சம். ஆனால் அதே பாட்டி கூடவே சொல்லும் "ஏம்மா, சுவிட்ச அடச்சா பத்தாது, ப்ளக்கப் புடுங்கு" என்பதை எந்த மின்பொறியாளரும் மறுக்கமாட்டார்.

மின்னல் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் கம்பி வழியாக. ஒரு சாதாரண மின்னலில் 30,000 ஆம்பியர் அளவுக்கு ஓடுகிறது. அது சில நூறு மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் விழுந்தாலும், தெருக்கம்பத்து வயரில் பல்லாயிரம் வோல்ட் தூண்டப்படும். காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் உள்ளே திறப்பது மூன்று மில்லிமீட்டர் போலத்தான், பல சுவிட்சுகளில் அதுவும் ஒரு கம்பியில் மட்டும். ப்ளக்கைப் பிடுங்கினால் இடைவெளி ஓர் அடி. டிவிக்கு ப்ளக் மட்டும் போதாது, பின்னால் திருகியிருக்கும் அஸ்ட்ரோ கேபிளையும் கழற்ற வேண்டும். டிவியைக் கொல்வது ஒரு கம்பியில் ஏறும் வோல்ட் என்பதைவிட, இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம். ஒன்று கம்பத்திலிருந்து வருகிறது, மற்றது கூரையிலிருந்து. இரண்டும் சந்திக்கும் இடம் டிவியின் பலகை. இடிக்குப் பின் டிவி ஓடுகிறது, ஆனால் டீகோடர் செருகிய துளை மட்டும் வேலை செய்யவில்லை என்றால் காரணம் இதுதான். பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியும் இந்த வேலையைச் செய்தது. இப்போதைய பைபர் இழை கண்ணாடி, அதில் கரண்டு ஏறாது. மோடத்தின் அடாப்டரில் ஏறும்.

அந்த 'டக்' சத்தத்துக்குச் சொந்தக்காரர், இன்னும் பலர் ஈஎல்சிபி என்று அழைக்கும் கசிவுத் தடுப்பு. வீட்டுக்குள் போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. இரு கம்பியும் ஓர் இரும்பு வளையத்துக்குள் போகின்றன. சமமாக இருக்கும் வரை வளையம் அமைதி. எங்கோ மண்ணுக்குக் கசிந்தால் வித்தியாசம் வளையத்தில் தெரிந்து விசை விழுகிறது. நம் வீடுகளில் பொதுவாக மெயினுக்கு 100 மில்லிஆம்பியர், வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக 10. 100 என்று எழுதியிருந்தாலும் 50-ஐத் தாண்டினாலே அது விழக்கூடும். பழைய லயத்து வீட்டு வயரிங், ஈரம் பட்ட வெளிவிளக்கு, வயதான பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து எப்போதும் 40 கசிந்துகொண்டிருந்தால், மின்னலின் ஒரு சின்ன உந்தலே போதும். பக்கத்து வீட்டில் விளக்கு எரிய உங்கள் வீடு மட்டும் இருளுவது சாபத்தால் அல்ல, இந்தச் சில்லறைக் கசிவால். இடியே இல்லாத தூறலில் விழுந்தால் மின்னலை விட்டுவிட்டு ஈரத்தைத் தேடுங்கள். வாசல் விளக்கு, வெளிச்சுவர் ப்ளக், கேட் மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள்.

திரும்ப ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. கை காய்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும், கருகல் வாடை வந்தால் பெட்டியைத் தொடாதீர்கள். சின்ன விசைகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஈஎல்சிபியை முதலில் ஏற்றுங்கள், பிறகு சின்ன விசைகளை ஒவ்வொன்றாக. எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில்தான் கோளாறு. அந்த வரிசையின் ப்ளக்குகளைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எல்லாம் இறங்கியிருந்தும் ஈஎல்சிபி நிற்கவில்லை என்றால் பலர் அதுவே கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். சின்ன விசை வெட்டுவது ஒரு கம்பியை மட்டும், நியூட்ரல் இணைந்தபடியே இருக்கும். நியூட்ரல் எங்காவது மண்ணைத் தொட்டால் இதே அறிகுறி வரும். வீட்டில் உள்ள ப்ளக் அத்தனையையும் பிடுங்கிப் பார்த்த பிறகும் நிற்காவிட்டால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். "அடிக்கடி விழுதுண்ணே, நேராக் கோத்து விட்டுடுங்க" என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். கோத்துவிட்டால் விழாது, உண்மைதான். குளியலறையில் ஈரக் கையோடு நிற்பவருக்கும் அது விழாது. மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தி விழவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த வீடுகளில் இப்போது இடிக்கு முதல் பலி ஆட்டோகேட் பலகை. மண்ணுக்கடியில் நீளமான வயர், முனையில் இரும்புக் கேட், நடுவில் ஒரு மெல்லிய மின்னணுப் பலகை. மின்னலுக்கு இதைவிட வசதி வேண்டாம். வீட்டுக்குள் அதற்கென்று ஒரு சுவிட்ச் இருந்தாலும், அதை ப்ளக்காக மாற்றி வைப்பது மேல். மழை கறுத்ததும் பிடுங்கிவிடலாம். கேட்டைக் கையால் தள்ள மோட்டாரை விடுவிக்கும் சாவி எங்கே என்று இப்போதே பாருங்கள். பல வீடுகளில் அது மோட்டார் பெட்டியிலேயே, கேட்டுக்கு உட்புறமாகத் தொங்குகிறது. கார் நிற்பதோ வெளியில், மழையில். ஒரு சாவி கார்ச் சாவிக் கொத்தில் இருக்கட்டும்.