படத்தில் வருகிறவனுக்கு ஓசிடி இல்லை

அந்தப் படத்தின் பேரைச் சொல்லி இலவச விளம்பரம் தரப்போவதில்லை. ஒருதலைக் காதல் வெறியாக முற்றுகிற சைக்கோ த்ரில்லர். அரை மணி நேரம் நன்றாகவே போகிறது. அதற்குப் பிறகு கதை தீர்ந்துபோய், இயக்குநர் நோயைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். நாயகன் ஓயாமல் கை கழுவுகிறான், செருப்புகளை வரிசையாக அடுக்குகிறான். 'ஓசிடி' என்கிறார் படத்து டாக்டர். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அந்தப் பதற்றத்தைத் தணிக்கச் செய்ததையே செய்யவைக்கிற நோய் அது. இடைவேளை முடிந்ததும் கத்தியைத் தூக்குகிறான். நடுவில் தண்டனை மாதிரி ஒரு ஷாக் ட்ரீட்மெண்ட், முழு விழிப்போடு! 2017 மனநலச் சட்டப்படி மயக்க மருந்து இல்லாமல் அதைக் கொடுப்பதே தடை.

படம் சப்பென்று போனதில் எனக்கு வருத்தமில்லை. அதைப் பார்த்துவிட்டு மனநல மருத்துவரான என்னிடம் வருகிறவர்களை நினைத்தால்தான் எரிச்சலாக இருக்கிறது.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கைக்குழந்தைக்காரி வந்தாள். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பிள்ளையைக் குத்திவிடுவோமோ என்று திரும்பத் திரும்ப எண்ணம். அரிவாள்மனையைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். காய்கூடப் பக்கத்து வீட்டில் நறுக்கி வாங்குகிறாள். மாமியாரிடம் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறாள். அவரோ படம் பார்த்தவர், அன்றைக்கே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். "நானும் அவன மாதிரி செஞ்சிருவேனா டாக்டர்?" என்று கேட்டு அழுதாள்.

செய்ய மாட்டாள். எண்ணம் வருவது வேறு, ஆசைப்படுவது வேறு. வண்ணார்பேட்டை ஆற்றுப்பாலத்தில் போகும்போது, கையிலிருக்கும் போனை ஆற்றில் வீசினால் என்ன என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஓசிடிக்காரரால் அப்படி விட முடியாது. அந்த எண்ணமே அவருக்கு அருவருப்பு, பயம். அதனால்தான் அரிவாள்மனை பரணுக்குப் போகிறது. கொல்லத் துணிந்தவன் கத்தியை ஒளித்துவைத்துவிட்டு டாக்டர் முன்னால் அழமாட்டான். மாமியார்களே, பிள்ளையைத் தாயிடம் கொடுங்கள்.

ஒன்று மட்டும் வேறு. பிரசவத்துக்குப் பிறகு தூக்கமே இல்லாமல், காதில் குரல் கேட்கிறது, பிள்ளைக்குள் பேய் இருக்கிறது என்று அவள் உறுதியாக நம்பினால் அது ஓசிடி அல்ல. தாயையும் பிள்ளையையும் தனியாக விடாதீர்கள். மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தைக் கடத்தாமல், அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு வாருங்கள்.

சரி, படத்து நாயகனுக்கு என்னதான் நோய்? யாரோ தன்னைக் காதலிப்பதாக அசைக்க முடியாமல் நம்புகிற நோய் ஒன்று உண்டு. 1921இலேயே பிரெஞ்சு மருத்துவர் கிளெராம்போ எழுதியிருக்கிறார். அபூர்வம். பஸ் ஸ்டாண்டிலும் டியூஷன் வாசலிலும் பெண்பிள்ளைகள் பின்னால் சுற்றுகிற பயல்களில் பெரும்பாலோருக்கு எந்த நோயும் கிடையாது. 'வேண்டாம்' என்றால் கேட்டுக்கொள்ளும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். மருந்துச்சீட்டு எழுதி அதைத் தீர்க்க என்னால் ஆகாது. அதற்குக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கான 78ஆவது பிரிவு இருக்கிறது, முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை. மகள் சொன்னால் படிப்பை நிறுத்தாதீர்கள், பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள்.

ஓசிடி சந்தேகம் இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள், இலவசம்தான். பாலூட்டுகிறவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற மாத்திரைகள் உண்டு. கூடவே, பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்கிற பயிற்சியும் தருவோம். அரிவாள்மனை ஒருநாள் பரணிலிருந்து இறங்கியாக வேண்டும். பலன் நன்றாகத் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். பத்தாம் நாளே 'ஒன்றும் கேட்கலை' என்று நிறுத்திவிட்டு வந்து நிற்காதீர்கள். மாத்திரை தின்றால் கிறுக்குப் பிடிக்கும் என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால், அடுத்த தடவை அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.