கைப்பிடி வந்தது, கதவு வரவில்லை

விஸ்கான்சினில் ஒரு சின்ன ஹேங்கர். ஆண்டுச் சோதனைக்கு வந்திருந்தது இரண்டு பேர் உட்காரும் விமானம். உரிமையாளர் தன் வீட்டு கராஜில் ஏழு வருடமாகத் தானே கட்டியது. 180 குதிரைத்திறன், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின். டேஷ்போர்டில் 'ஆல்டர்னேட் ஏர்' (மாற்றுக் காற்று) என்று எழுதிய ஒரு கைப்பிடி. இழுத்தால் இன்ஜினுக்கு வேறு வழியில் காற்று விடும் ஒரு கதவு திறக்க வேண்டும்.

"அதைக் கொஞ்சம் இழுங்கள்" என்றேன். இழுத்தார். "வந்துவிட்டது" என்றார்.

இன்ஜினை மூடும் கௌலிங்கைக் கழற்றிவிட்டு டார்ச்சோடு கீழே படுத்திருந்தேன். கதவு அசையவே இல்லை. விமானி அறையையும் இன்ஜினையும் பிரிக்கும் ஃபயர்வாலைத் தாண்டியபின் கேபிளின் மேலுறையை எங்கேயும் கிளாம்ப் போட்டுப் பிடிக்கவில்லை. கைப்பிடியை இழுத்தால் தொங்கிக்கொண்டிருந்த வளைவு நிமிர்கிறது, அவ்வளவுதான். நாலு வருடம் அப்படியே பறந்திருக்கிறார். சோதனை போட்டவர்களும் கைப்பிடியைத்தான் பார்த்திருப்பார்கள் போல.

இந்தக் கதவு எதற்கு? இது 5.9 லிட்டர் இன்ஜின். நிமிடத்துக்கு 2,700 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுத்தால், கணக்குப்படி கிட்டத்தட்ட 8,000 லிட்டர் காற்று. அத்தனையும் ஒரே ஏர் ஃபில்டர் வழியாகப் போக வேண்டும். அதன் முகத்தில் ஈரப்பனி அப்பிக்கொண்டால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். காகித ஃபில்டர் என்றால் நல்ல மழையில் ஊறி உப்பினாலே போதும். அப்போது உதவ வேண்டியது, ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் திறந்து கௌலிங்குக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும் இந்தக் கதவு.

"கார்புரேட்டர் இல்லையே, ஐசிங் (பனி உறையும்) பயம் எனக்கெதற்கு?" என்று நிறையப் பேர் கேட்பார்கள். பாதி சரி. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வென்சுரியில் உறையும் பனி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கிடையாது. ஆனால் ஃபில்டர் முகத்தில் படியும் பனிக்கு உள்ளே கார்புரேட்டரா இன்ஜெக்டரா என்று தெரியாது.

தொழிற்சாலை விமானங்களுக்கு சிறு விமானங்களுக்கான அமெரிக்காவின் பழைய பார்ட் 23 விதிகள் (2017 வரை இருந்தவை) இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தன. பிஸ்டன் இன்ஜினுக்குக் குறைந்தது இரண்டு காற்று வழிகள். மாற்று வழி, மழையும் பனியும் நேரே படாத மறைவான இடத்தில் இருக்க வேண்டும். தானாகத் திறக்கும் கதவு என்றால், விமானி கையால் திறக்கவும் வழி வேண்டும், மூடாமல் நின்றால் காட்டிக்கொடுக்கவும் ஏதாவது வேண்டும். வீட்டில் கட்டும் விமானத்தை இந்த விதிகள் கட்டுப்படுத்தாது. அதனால் அந்தப் பொறுப்பு கட்டுகிறவர் தலையில். ஜூலையில் இங்கே விஸ்கான்சினில் நடக்கும் ஓஷ்கோஷ் விமானக் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள், பெயின்ட்டையும் டிஜிட்டல் திரைகளையும் மணிக்கணக்கில் காட்டுவார்கள். இந்தக் கதவு இருக்கும் ஏர்பாக்ஸுக்கு (காற்றுப் பெட்டிக்கு) அடியில் குனிந்து பார்க்க யாரும் கூப்பிட்டதில்லை.

காந்தத்தாலோ ஸ்பிரிங்காலோ மூடியிருந்து, உறிஞ்சும் வேகத்தில் தானே திறக்கும் கதவு எனக்குப் பிடிக்கும். விமானி கவனிக்காவிட்டாலும் வேலை செய்யும். ஆனால் அது முழுசாக மூட வேண்டும். ஒரு விமானத்தில் ஆயில் பரிசோதனை அறிக்கையில் சிலிக்கான் ஏறிக்கொண்டே போனது; புழுதி உள்ளே போகிறது என்பதன் அடையாளம். உரிமையாளர் இரண்டு முறை ஃபில்டர் மாற்றியும் குறையவில்லை. கதவின் ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி. வடிகட்டாத புழுதி அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. இன்னொன்று: கதவின் கீல், ரிவெட், நட் எல்லாம் காற்றோட்டத்தின் பாதையில் இருக்கின்றன. கழன்றால் நேரே இன்ஜினுக்குள்தான். எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்திலும் கதவை வைக்காதீர்கள். குழாயில் விரிசல் விட்டால் புகையையே இன்ஜினுக்கு ஊட்டுவீர்கள்.

திறந்தால் பவர் குறையும். உள்ளே போகும் காற்று 5.5 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 1 சதவீதம் போகும் என்பது பழைய கணக்கு. செஸ்னா 172எஸ் கையேடு, கதவு திறந்தபடி முழு த்ராட்டிலில் சுமார் 10 சதவீத இழப்பு என்கிறது. உங்கள் விமானத்தில் எவ்வளவு? அளந்து பார்க்காமல் தெரியாது.

நான் செய்வது இது. ஃபில்டர் முகத்தை வெளியிலிருந்து டேப் போட்டு முழுக்க மூடுவேன். எத்தனை துண்டு ஒட்டினேன் என்று எழுதி வைத்துக்கொள்வேன், பிரிக்கும்போது ஒன்று விட்டுப்போகக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை, ஆல்டர்னேட் ஏர் திறந்த நிலை, ஸ்டார்ட். முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) எவ்வளவு என்று பார்த்து, டேப் இல்லாத எண்ணோடு ஒப்பிடுவேன். அப்புறம் ஒருநாள், நல்ல வெளிச்சத்தில், ஓடுபாதைக்கு மேலேயே உயரத்தில் பறந்து திறந்து பார்க்கச் சொல்வேன். கட்டி முடித்தபின் கட்டாயமாகச் செய்ய வேண்டிய சோதனைப் பறப்புகளிலேயே இதைச் செய்துவிடலாம்.

முதலில் சொன்ன விமானத்தின் கேபிளுக்கு இரண்டு கிளாம்ப் போட்டோம். கதவு 'டக்' என்று திறந்தது. ஆனால் அந்த உரிமையாளரின் டிசைனில் ஒருமுறை திறந்தால் இறங்கி வந்து கையால்தான் மூட முடியும். அடுத்த வாரம் போனபோது கைப்பிடிக்குக் கீழே ஒரு புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: 'இழுத்தால் தரையில்தான் மூடும். தயங்காமல் இழு.'