ஊரடங்கு, பரிசோதனை: சட்டம் சொல்வது என்ன, பலன் எவ்வளவு?

கொரோனாவுக்காக 2020 மார்ச் 25 முதல் 21 நாள் நாடே அடைந்து கிடந்ததே, அந்த உத்தரவு 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்தது. சுனாமிக்கு அடுத்த ஆண்டு இயற்றிய சட்டம். உத்தரவை மீறினால் 51-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். இதோடு, பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த 1897 கொள்ளைநோய்ச் சட்டமும் கைகொடுத்தது. தமிழ்நாட்டில் முகக்கவசம் போடாதவரிடம் 200 ரூபாய் அபராதம் வசூலித்தது, மாநிலத்தின் 1939 பொது சுகாதாரச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் செய்த திருத்தத்தின்படி.

சரி, கடையை அடைத்தால் தொற்று அடங்கிவிடுமா? தானாக அடங்காது. ஊரடங்கு பரவலின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கிடைக்கிற அவகாசத்தில் நோயாளியையும் அவரோடு பழகியவர்களையும் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தாவிட்டால், கதவைத் திறந்ததும் பழைய கதைதான்.

அறிவிக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. சென்னை, கோவை, மதுரையில் 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று ஏப்ரல் 24-ல் சொன்னார்கள். 25-ஆம் தேதி காய்கறி வாங்க ஜனம் முண்டியடித்தது. கூட்டத்தைத் தவிர்க்கப் போட்ட உத்தரவே கூட்டத்தைச் சேர்த்துவிட்டது. சில நாளில் கோயம்பேடு சந்தையைச் சுற்றித் தொற்று வெடிக்க, மே 5-ல் சந்தையை மூடி, திருமழிசைக்கு மாற்றினார்கள்.

ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை சென்னையிலும் சுற்றுப்பகுதிகளிலும் மறுபடி முழு ஊரடங்கு. இந்தமுறை தெருமுனைக் காய்ச்சல் முகாம்கள் கூடவே நடந்தன. ஒரு மேசை, வெப்பமானி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கபசுரக் குடிநீர். அறிகுறி இருந்தால் சளி மாதிரி எடுத்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை. தனிமையில் இருந்த வீடுகளுக்கு மளிகை வாங்கித் தர மாநகராட்சி தன்னார்வலர்களை வைத்தது. என்னைக் கேட்டால், முகாமைவிட இந்த மளிகை ஏற்பாட்டுக்குத்தான் மதிப்பெண் அதிகம் தருவேன். அடுப்பெரிய வழியில்லாதவர் 14 நாள் எப்படி வீட்டுக்குள் இருப்பார்? அரிசி அட்டைக்காரர்களுக்கு 1,000 ரூபாய் கொடுத்ததும் அதற்காகத்தான்.

தொற்று வந்தவர் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியதைப் பலர் அவமானமாக நினைத்தார்கள். பேரிடர் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டால் தவிர அப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது.

அப்புறம், அதே பேரிடர் சட்டத்தில் பலர் கவனிக்காத 12-ஆம் பிரிவு. பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தபட்ச நிவாரணத்தை வகுக்க வேண்டும் என்கிறது அது. அதை வைத்துத்தான் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம், கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு உதவித்தொகை நிர்ணயிக்கச் சொன்னது. 50,000 ரூபாய் என முடிவானது. பரிசோதனையில் தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தால், அது ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்திருந்தாலும் கொரோனா மரணம்தான். விபத்து, தற்கொலை போன்றவற்றுக்குத் தனி விதி. ஆக, பரிசோதனை முடிவுத் தாள் இந்தப் பணத்துக்கும் முக்கிய ஆதாரமாக ஆனது. இறப்புச் சான்றிதழில் காரணம் தவறாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிடவும் வழி வைத்தார்கள்.