விரதம் முடிந்ததும் திரும்பி வந்த அரிப்பு

ஜனவரி, பிப்ரவரியில் மொரீஷியஸில் வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்து ஆளை நனைத்துவிடும். தைப்பூசக் காவடி முடிந்த கையோடு என் கிளினிக்கில் அரிப்பு என்று வருபவர்கள் அதிகமாவார்கள். பெரும்பாலும் வேர்க்குரு, படர்தாமரை. அப்படித்தான் அந்த அம்மாவும் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், போர்ட் லூயியில் அலுவலக வேலை. (ஆளை அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"ஆறு மாசமா கிராத்தெல், டாக்டர்" என்றார். இங்கத்திய கிரியோலில் கிராத்தெல் என்றால் அரிப்பு. பையிலிருந்து பாதி பிதுக்கிய களிம்பு டியூப்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். பூஞ்சைக்கு ஒன்று, பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் கலந்தது இரண்டு, வேப்பெண்ணெய் ஒரு குப்பி. அப்புறம் ரத்தத்தில் எடுத்த அலர்ஜி பரிசோதனைத் தாள். அதில் எல்லாம் சரியாகவே இருந்தது.

"விரதம் இருந்த பத்து நாளும் அரிப்பு அடங்கிப்போச்சு. முருகன் புண்ணியம்னு நினைச்சேன். முடிச்சு மீன் சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், ரெண்டே நாள்ல திரும்ப வந்துடுச்சு. மீன்தான் ஒத்துக்கலை போல."

நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான அத்தனையும் அந்த நாலு வார்த்தையில் இருந்தது. ஆனால் உடம்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

கையைத் தூக்கச் சொன்னேன். அக்குள் குழியின் நடுப்பகுதி சுத்தமாக இருந்தது. முன்மடிப்பும் பின்மடிப்பும்தான் தடித்து, தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரத்தன. டியோடரன்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பெரும்பாலும் குழிக்குள்ளேயே புண்ணாகும். துணி என்றால் குழியை விட்டுவிட்டு, உரசுகிற மடிப்பில் வரும். அடுத்து தொடையின் உட்பக்கம், முழங்காலின் பின்மடிப்பு. வியர்வையும் உரசலும் சேரும் இடங்கள் எல்லாமே. ஆனால் எங்கேயும் சிவப்பு இல்லை. நம் தோலில் சிவப்பைத் தேடினால் ஏமாந்துபோவோம். கருஞ்சாம்பலாக, சில நேரம் கத்திரிப்பூ நிறமாகத்தான் தெரியும். வெள்ளைத் தோல் படங்களைப் பார்த்தே படித்த எங்களுக்கு இது பழகக் கொஞ்ச காலம் ஆகிறது. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பூஞ்சை இல்லை.

"அந்தப் பத்து நாள் என்ன துணி உடுத்தினீங்க?"

லீவு போட்டு வீட்டில் இருந்திருக்கிறார். கோயிலுக்கு ரோஸ் நிறப் பருத்திச் சேலை, வீட்டில் பழைய பருத்தி உடை. வேலைக்குத் திரும்பிய அன்று கருநீலக் கோட்டும் பாவாடையும். மறுநாள் அவற்றைக் கொண்டுவரச் சொல்லி உள்பக்கம் வெளியே வரத் திருப்பினேன். உள்ளே வழவழப்பான பாலியஸ்டர் லைனிங், கறுப்புக்குச் சமமான நீலம். அக்குள் தையல் அருகே வியர்வைக் கோடு வெளுத்திருந்தது.

பாலியஸ்டருக்குப் போடுவது பெரும்பாலும் டிஸ்பெர்ஸ் சாயம். அது இழையோடு ரசாயனப் பிணைப்பு கொள்வதில்லை, உள்ளே கரைந்து தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சூடும் வியர்வையும் உரசலும் சேர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலுக்கு ஏறும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் இழையோடு பிணைந்துகொள்வதால் உடுத்துபவருக்கு அதனால் தொல்லை அபூர்வம். சாயப் பட்டறையில் அந்தப் பொடியை அள்ளுகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்கு மூச்சிரைப்பே வரலாம். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு துணி ஆலைகளால் வளர்ந்த தீவு இது. அதனால் யார் வந்தாலும் தொழிலைக் கேட்காமல் நான் விடுவதில்லை.

சாயத்தால் வரும் இந்த ஒவ்வாமை உடனே வராது. துணி பட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். அதனால்தான் யாரும் துணியைச் சந்தேகிப்பதில்லை, முந்தின இரவு சாப்பிட்டதைச் சந்தேகிக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை காட்டுவது ஐஜிஇ என்கிற எதிர்ப்பொருளை. இங்கே வேலை செய்பவை டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். எனவே அந்தத் தாள் சுத்தமாக இருந்தது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதற்காகப் பணத்தைக் கொட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தேவையானது பேட்ச் டெஸ்ட். 1895இல் யாடசோன் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் தொடங்கி வைத்த முறை, இன்றும் அதற்கு மாற்று இல்லை. சின்னச் சின்னக் கிண்ணங்களில் சந்தேகப்படும் பொருட்களை வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். நாலாம் நாள் மறுபடி பார்ப்போம். அந்த இரண்டாவது பார்வைக்கு வராதவர்களுக்கு நோய் தவறிப்போகலாம். முதுகு நனையக் கூடாது. கோடையில் வியர்வையில் பிளாஸ்திரி கழன்றுவிடும். அதனால் அவசரமில்லாதவர்களை இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலைக்கு வரச் சொல்கிறேன். இந்த அம்மாவுக்கும் அப்படித்தான். எட்டு டிஸ்பெர்ஸ் சாயங்கள் சேர்ந்த கலவை ஒன்று இருக்கிறது. அதோடு லைனிங்கில் ஒரு துண்டு வெட்டி, தண்ணீரில் நனைத்து ஒட்டினேன். துணித்துண்டு மட்டும் வைத்தால் சில நேரம் ஒன்றும் காட்டாது, இரண்டும் வேண்டும். நாலாம் நாள் இரண்டு இடத்திலும் கொப்புளம். பிறகு தனித்தனியாக வைத்தபோது டிஸ்பெர்ஸ் ப்ளூ 106, டிஸ்பெர்ஸ் ப்ளூ 124 என்று தெரிந்தது. இந்த இரண்டும் பழைய குற்றவாளிகள்.

எல்லோருக்கும் இப்படி அரிப்போடு வந்து நிற்காது. சிலருக்குத் தொடையில் ஊதாப் புள்ளிகள் தோன்றும், அழுத்தினாலும் மறையாது. ரத்தக்குழாய் நோய் என்று பயந்து சோதனைமேல் சோதனை செய்வார்கள். சிலருக்கு அரிப்பே இல்லாமல் தோல் மட்டும் கருத்துக்கொண்டே போகும். "வயசாயிடுச்சு, கருக்குது" என்று விட்டுவிடுவார்கள். எந்த வடிவத்தில் வந்தாலும், துணி இறுகும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்பேன்: தலைக்கு டை போட்டு, அல்லது கறுப்பு மருதாணி வைத்து எப்போதாவது புண்ணாகியிருக்கிறதா? அவற்றில் உள்ள பிபிடி என்ற பொருளுக்கு ஒவ்வாமை வந்தவர்களில் சிலருக்குத் துணியின் ஆரஞ்சு, மஞ்சள் சாயங்களும் ஆகாமல் போகும். கல்யாணத்துக்குக் குழந்தைகளின் கையில் கறுப்பு மருதாணி வைப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த ஒரு நாள் அலங்காரம் தரும் ஒவ்வாமை ஆயுசுக்கும் தொடரலாம்.

துணியில் சாயத்தின் பெயர் போட்டிருக்காது. இங்கே காத்ர் போர்ன் ஊர்ச் சந்தையில் வாங்கினாலும் சரி, பெரிய கடையில் வாங்கினாலும் சரி, லேபிளில் "பாலியஸ்டர்" என்பதோடு முடிந்துவிடும். எனவே உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கருநீல, கறுப்பு, அடர்பச்சை பாலியஸ்டர் லைனிங், லெக்கிங்ஸ் என்றால் அடியில் வெள்ளைப் பருத்தி உடுத்துங்கள். பத்துத் தடவை துவைத்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம், டிஸ்பெர்ஸ் சாயம் முழுதாகப் போகாது. ஸ்டீராய்டு களிம்பைக் கொஞ்ச நாளுக்கு நாங்கள் தருவோம். ஆனால் துணி மாறாமல் களிம்பு மட்டும் பூசினால் தோல்தான் மெலியும்.

அந்த அம்மா தெரிந்த தையல்காரரிடம் கொடுத்து லைனிங் முழுவதையும் பிரித்தெடுத்து, வெள்ளைப் பருத்தி வைத்துத் தைத்துக்கொண்டார். அடுத்த காவடி முடிந்து என்னைப் பார்க்க வந்தபோது அதே கோட்டுதான் போட்டிருந்தார். மீனும் சாப்பிடுகிறாராம். முழங்கால் பின்மடிப்பில் மட்டும் கருமை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.