ஹெட்ஃபோன் பெட்டியைக் கையால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள்

"கீழ போடவே இல்லண்ணா. பைக்குள்ளதான் இருந்துச்சு."

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் என் மேசையில் ஹெட்ஃபோனை வைத்துவிட்டு இப்படிச் சொன்னார். காதை மூடும் வலப்பக்கக் கப்பைத் தாங்கிப் பிடிக்கும் கவட்டை முறிந்து, கப் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதை நான் உடனே நம்பினேன். சென்னை ரிச்சி தெருப் பக்கம் பல வருடமாக ஹெட்ஃபோன் பழுது பார்க்கிறேன். கீழே விழுந்து உடைந்ததையும் பைக்குள் நசுங்கி உடைந்ததையும் பார்த்ததுமே பிரித்துச் சொல்லிவிடலாம். விழுந்தது என்றால் கப்பின் ஓரத்தில் சிராய்ப்போ சில்லு பெயர்ந்த இடமோ இருக்கும். நசுங்கியதில் வெளியே ஒரு கீறலும் இருக்காது. ஸ்குரூ துளையைச் சுற்றி பிளாஸ்டிக் வெளுத்துப்போய், அந்த வெள்ளைக் கோட்டிலேயே விரிசல் ஓடியிருக்கும். பல நாளாக வளைந்து வளைந்து சோர்ந்த பிளாஸ்டிக் அப்படித்தான் வெளுக்கும்.

பையைத் திறந்து காட்டச் சொன்னேன். மூன்று தடித்த நோட்டு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், இவற்றுக்கு நடுவில் ஹெட்ஃபோனோடு வந்த சுருக்குப் பை. தினமும் காலையில் தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் பையை மார்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். முன்னால் நிற்பவரின் முதுகு ஒரு பக்கம் அழுத்துகிறது, உள்ளேயிருந்து டிபன் பாக்ஸ் இன்னொரு பக்கம் அழுத்துகிறது. ஆறு மாதம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

சுருக்குப் பையைக் குறை சொல்லவில்லை. தூசியும் கீறலும் படாமல் இருக்க அது போதும், வீட்டு அலமாரியில் வைக்கலாம். ஆனால் அழுத்தத்தை அது தடுக்காது. ஸ்டுடியோக்களில் நிறையப் பார்க்கும் ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் மாதிரியான நல்ல ஹெட்ஃபோனோடுகூட மெத்தென்ற பைதான் வருகிறது. கம்பெனியே கொடுத்த பை என்பதால் அது பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறோம்.

கவட்டை உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கேடு ஸ்பீக்கருக்கு வருகிறது. கப்புக்குள் இருக்கும் ஸ்பீக்கரின் சவ்வு, நாம் எழுதும் தாளைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதில் ஒட்டியிருக்கும் சுருளின் (காயில்) கம்பி தலைமுடி கனம்தான் இருக்கும். இரண்டு கப்பும் ஒன்றையொன்று பார்த்தபடி நெருக்கி அழுத்தப்பட்டால், நடுவில் சிக்கிய காற்று சவ்வைத் தள்ளும். காதில் மாட்டி, கப்பை லேசாக அழுத்தும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதா? சவ்வு மடிந்து மடிந்து விரியும் சத்தமாகவும் அது இருக்கலாம். சில ஹெட்ஃபோனில் புதிதிலேயே இது உண்டு. முன்பு இல்லாமல் இப்போது ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால் கவனியுங்கள்.

இன்னொன்று, ஸ்பீக்கரில் வலுவான காந்தம் இருக்கிறது. பை அடியில் கிடக்கும் ஸ்டேப்ளர் பின் துணுக்கு, சாவி தேய்ந்த இரும்புத் தூள் எல்லாவற்றையும் அது இழுக்கும். 'ஒரு பக்கம் கரகரங்குது சார்' என்று வருகிறவற்றில் பலவற்றை லென்ஸுக்கு அடியில் பிரித்தால், சவ்வின் மேல் ஒரு தலைமுடியோ பொடி இரும்போ ஒட்டியிருக்கும். இடுக்கியால் முடியை எடுத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். இரும்புத் தூள் காந்த இடுக்குக்குள் போய்விட்டால் ஸ்பீக்கரையே மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, அழுத்தத்தைத் தடுக்கக் கெட்டிப் பெட்டி வேண்டும். எதை வாங்குவது?

முதலில் உங்கள் ஹெட்ஃபோன் எப்படி மடங்குகிறது என்று பாருங்கள். சில உள்நோக்கி உருண்டையாக மடங்கும், சிலவற்றில் கப் மட்டும் திரும்பித் தட்டையாகும், சில மடங்கவே மடங்காது. ஒரே வரிசை மாடல்களுக்குள்ளேயே இது மாறும். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 உள்நோக்கி மடங்கும். 2022இல் வந்த எக்ஸ்எம்5 மடங்காது, கப் மட்டும்தான் திரும்பும். 2025இல் வந்த எக்ஸ்எம்6 மறுபடியும் மடங்குகிறது. எக்ஸ்எம்4 பெட்டியில் எக்ஸ்எம்5-ஐத் திணித்தால் ஜிப் மூடும் ஒவ்வொரு முறையும் நீங்களே அதை நசுக்குகிறீர்கள். 'எல்லா ஹெட்ஃபோனுக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தால் நம்பாமல், உங்கள் ஹெட்ஃபோனைக் கடைக்கு எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூட வரும் உறை கப்பை மட்டும்தான் மூடும், தலைப்பட்டை வெளியே இருக்கும். பயணத்துக்குத் தனிப் பெட்டி வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். காலிப் பெட்டியை மூடி மேசையில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூடியின் நடுவில் அழுத்துங்கள். ஓரத்தில் எல்லாப் பெட்டியும் கெட்டியாகத்தான் இருக்கும், நடுவில்தான் குட்டு வெளிப்படும். இப்போது கிடைக்கும் கெட்டிப் பெட்டிகளில் பெரும்பாலானவை இவிஏ நுரையால் அச்சில் வார்த்தவை. செருப்பு அடிப்பாகம் செய்யும் அதே பொருள்தான். அடர்த்தியாக வார்த்திருந்தால் லேசாக அமுங்கி உடனே எழும். மலிவானதில் மூடி உள்பக்கமாகக் குழிந்து அப்படியே நிற்கும். அதை வாங்காதீர்கள். பிறகு ஹெட்ஃபோனை உள்ளே வைத்து மூடி, மறுபடி அழுத்துங்கள். உள்ளே எதிலாவது முட்டுவது கைக்குத் தெரிந்தால் இடம் போதவில்லை. மூடிக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவில் ஒரு விரல் கனம் இடைவெளி வேண்டும். அதற்காக உள்ளே கடகடவென்று ஆடும் அளவுக்குப் பெரிதாகவும் வேண்டாம்.

உள்ளே நடுவில் ஒரு மேடு இருந்தால் நல்லது. இரண்டு கப்பும் அதன் இருபுறமும் உட்காரும், ஒன்றோடொன்று ஒட்டாது. ஒயரும் சார்ஜர் கேபிளும் வைக்கத் தனி வலைப்பை இருக்கிறதா, அது கப்புக்கு நேர் மேலே இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக் முனை மாதக்கணக்கில் இயர் பேடில், அதாவது காதில் படும் மெத்தையில், குத்திக்கொண்டிருந்து பள்ளம் விழுந்த பேடுகளை நான் மாற்றித் தந்திருக்கிறேன். ஒயரைத் தலைப்பட்டையில் இறுக்கிச் சுற்றாதீர்கள். ஜாக்கை ஒட்டிய இடம்தான் முதலில் அறும்.

இனி ஈரம். இதை யாரும் பேசுவதில்லை, சென்னை மாதிரி கடலோர ஊரில் இதுதான் அதிகம் கெடுக்கிறது.

ஒரு பெரியவர் விலை உயர்ந்த வயர்லெஸ் ஹெட்ஃபோன் ஒன்றைக் கொண்டு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது. கெட்டுப்போய்விடக் கூடாது என்று, அது வந்த கெட்டிப் பெட்டியிலேயே பீரோவில் இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்தாராம். பெட்டியைத் திறந்ததும் கருப்புச் செதில்கள் கொட்டின. இயர் பேடில் இருப்பது பியூ லெதர் என்னும் செயற்கைத் தோல், காற்றின் ஈரமும் சூடும் சேர்ந்து காலப்போக்கில் அதைச் சிதைக்கும்; பயன்படுத்தாவிட்டாலும் சிதைக்கும். பேட்டரியும் முழுக்க இறங்கி, சார்ஜ் ஏற மறுத்தது. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "நல்லா மூடித்தானே தம்பி வெச்சேன்" என்று இரண்டு முறை சொன்னார். பேடையும் பேட்டரியையும் மாற்றிக் கொடுத்தேன், பாடுகிறது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தச் செலவு அவருக்கு வந்திருக்காது.

அதனால் நல்ல பெட்டி வாங்கினாலும், வியர்வையோடு கழற்றியதை உடனே உள்ளே போட்டு மூடாதீர்கள். மெல்லிய துணியால் பேடைத் துடைத்து, அரை மணி நேரம் ஃபேன் காற்றில் வைத்துவிட்டு மூடுங்கள். புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அது என்றைக்கும் உழைக்காது, அவ்வப்போது மாற்ற வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எந்த ஜிப் பெட்டியையும் நம்பாதீர்கள். துணி தண்ணீரைத் தடுத்தாலும் ஜிப் பல்லுக்கு இடையில் உள்ளே இறங்கும். பெட்டியை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்குள் வையுங்கள், வீட்டுக்கு வந்ததும் கவரை எடுத்துவிடுங்கள். வெயிலுக்கும் பெட்டி உதவாது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைத்தால் பெட்டியோடு சேர்ந்து பேட்டரியும் சூடாகும். அங்கே வைக்கவே வைக்காதீர்கள்.

அந்த மாணவருக்குக் கவட்டை மாற்றிக் கொடுத்தேன். பெட்டி வாங்க இந்த மாதம் காசு இல்லை என்றார். வீட்டில் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஏதாவது இருக்குமே என்றேன். நேற்று ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார். அவர் அம்மா முறுக்கு போட்டு வைக்கும் சதுர டப்பா. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காயவைத்து, அடியில் பழைய காட்டன் துண்டு விரித்து, நடுவில் ஒரு துணிச்சுருளை வைத்துக் கப் இரண்டையும் பிரித்திருந்தார். மூடிப் பார்த்தேன், மூடி எங்கும் தொடவில்லை. உள்ளங்கையை ஊன்றி அழுத்தினேன், அசையவில்லை. டிபன் பாக்ஸை மட்டும் பையின் வெளி அறைக்கு மாற்றச் சொல்லி அனுப்பினேன்.